பறவைப் படத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது?

நான் எடுத்த முதல் மீன்கொத்திப் படத்தைக் கணினியில் ஏற்றியதும், பறவையைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். அலகு நுனிக்கும் விளிம்புக்கும் நடுவே நூலிழை இடைவெளிதான் மிச்சம். பார்த்த நண்பர், "பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததா?" என்றார். சுருக்கென்று தைத்தது. அந்தக் கேலியில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தாழ்ந்து உட்காருங்கள்

தரையிலோ நீரிலோ நிற்கும் பறவையை நின்றபடி எடுத்தால், அதன் முதுகும் சேறும்தான் பதிவாகும். கேமரா பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரத்துக்குப் போய்விடும். தூரத்தில் இருப்பது தானாகவே மங்கும். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே தலைக்குப் பின்னால் துருத்தும் குச்சி மறைந்துவிடுவதுண்டு. அதைக் கணினியில் அழிக்க அரை மணி நேரமாகும்.

பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால், அதற்குமேல் நெருங்காதீர்கள். கூட்டின் பக்கம் போகவே வேண்டாம்.

படி 2: கண்ணில் குவியுங்கள், சுற்றிலும் இடம் விடுங்கள்

கண் தெளிவாக இல்லாத படத்தை எந்த வெட்டும் காப்பாற்றாது. அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் பெரும்பாலும் போதும். பறப்பதற்கு 1/2000 வையுங்கள். பறவை சட்டென்று இறக்கை விரிக்கும் என்பதால், எடுக்கும்போதே நாற்புறமும் தாராளமாக இடம் விடுங்கள். இறக்கை நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டால் போனதுதான்.

படி 3: முதலில் நேராக்குங்கள்

நீர்மட்டம் சாய்ந்திருந்தால் வெட்டுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். படத்தைத் திருப்பும்போது மூலைகள் கொஞ்சம் போய்விடும். கடைசியில் திருப்பினால் வால் நுனியும் கூடவே போகலாம்.

படி 4: வெட்டுங்கள், ஆனால் கணக்குப் பார்த்து

என்னிடமுள்ள ஒரு மடையான் (குளத்துக் கொக்கு) படத்தையே எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல், அதாவது 6000 × 4000 பிக்சல். குளத்தின் ஓரத்தில் வலப்பக்கம் பார்த்தபடி நிற்கிறது. பறவையின் உயரம் 800 பிக்சல். முழுப் படத்தின் உயரத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான். தேட வேண்டியிருக்கிறது.

1500 × 1000 ஆக வெட்டிப் பார்த்தேன். பறவை சட்டகத்தை நிறைத்தது. ஆனால் மிஞ்சியது ஒன்றரை மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 5 அங்குல அகலம். இருட்டுப் பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் தெரிந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. காய்ந்த நாணலோடும் சேற்றோடும் பழுப்பு முதுகு கரைந்துபோவதுதான் மடையானின் வித்தை. நாணலை வெட்டிவிட்டால் வெறும் பழுப்புப் பறவை.

அடுத்து 3000 × 2000. ஆறு மெகாபிக்சல், 10 அங்குல அச்சுக்குத் தாங்கும். படத்தின் அகலத்தை மூன்றாகப் பிரித்து, பறவையை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக் கோட்டருகே வைத்தேன். அலகு நோக்கும் வலப்பக்கம் முழுக்கத் தண்ணீர். அது எதற்காகக் காத்திருக்கிறது என்பது இப்போது புரிகிறது. முதுகுக்குப் பின்னால் நான்கு நாணல் தண்டுகளை விட்டுவைத்தேன். ஓரத்தில் பளிச்சென்று கண்ணை இழுத்த வெள்ளைக் கல் ஒன்றை மட்டும் விளிம்புக்கு வெளியே தள்ளினேன்.

மூன்றில் ஒரு பங்கு என்பதைச் சட்டமாகக் கொள்ளாதீர்கள். நேருக்கு நேர் முறைக்கும் ஆந்தைக்கு நடுமையமே பொருந்தும்.

படி 5: விளிம்புகளை ஒரு சுற்று பாருங்கள்

கால் விரல், வால், இறக்கை நுனி ஆகியவை விளிம்பில் உரசக் கூடாது. கால்கள் நீருக்குள் மறைந்திருந்தாலும், அவை இருக்கும் அளவுக்குக் கீழே இடம் விடுங்கள். இல்லையென்றால் பறவை முடமானதுபோல் தோன்றும். நீரில் விழும் பிம்பத்தை முழுதாக வையுங்கள் அல்லது முழுதாக நீக்குங்கள். பாதிப் பிம்பம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

படி 6: வேறு பெயரில் சேமியுங்கள்

வெட்டிய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். என் முதல் மீன்கொத்தியை அப்படித்தான் சேமித்தேன். அது உட்கார்ந்திருந்த கிளை எவ்வளவு நீளம், கீழே தண்ணீர் இருந்ததா என்று இன்று யாராவது கேட்டால், என்னிடம் இருப்பது அந்தப் பாஸ்போர்ட் படம் மட்டும்தான்.