சிம்ஸ் டாக்டருக்கு மரியாதை வரவைத்த கதை

‘தி சிம்ஸ் 4’ கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு 2015-இல் வந்த ‘கெட் டு வொர்க்’ என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் நாமே டாக்டராகி ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகலாம். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் என் அத்தை பெண் அதற்கொரு ‘மாட்’ (mod, விளையாட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றும் சின்ன நிரல்) எழுதினாள். டாக்டர் தன் பெயரைச் சொல்லி, “தொட்டுப் பார்க்கலாமாம்மா?” என்று கேட்டால்தான் காய்ச்சல் பார்க்க முடியும். கேட்காமல் கை வைத்தால் நோயாளி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். (டாக்டருக்குப் பொறுமையும் மென்மையும் வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஓபி வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் நிலவரம்!)

மயிலாப்பூரில் என் கம்ப்யூட்டரில் அது வேலையே செய்யவில்லை. டாக்டர் வணக்கம்கூடச் சொல்லாமல் காதுக்குள் டார்ச் அடித்தார்.

கேம் அப்டேட் ஆனால் மாட் எல்லாம் தானாக அணைந்துவிடும். செட்டிங்ஸில் ‘அதர்’ பகுதியில் மாட், ஸ்கிரிப்ட் மாட் (புரோகிராம் கோடு உள்ள மாட்) இரண்டையும் டிக் செய்து, கேமை மூடித் திறந்தேன். ம்ஹூம்.

வில்லங்கம் ஃபோல்டரில் இருந்தது. ‘பேக்கேஜ்’ வகைக் கோப்பு சில ஃபோல்டர் ஆழத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கிரிப்ட் கோப்பு ‘மாட்ஸ்’ ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபோல்டர் ஆழம்வரைதான் இருக்கலாம். ஜிப்பைப் பிரித்தபோது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாகியிருந்தது. வெளியே இழுத்துப் போட்டு, ‘லோக்கல்தம்ப்கேஷ்’ என்ற, கேம் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கோப்பையும் அழித்தேன். அது தானாகத் திரும்ப உருவாகிவிடும், பயமில்லை.

இப்போது டாக்டர் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். ட்ரெட்மில்லில் ஏற்றும்போது மட்டும் கேட்பதில்லை. அதை அவள் இன்னும் எழுதவில்லை. நைட் டூட்டி முடியட்டும் என்கிறாள்.