இ-ஆதாரில் மஞ்சள் கேள்விக்குறியா? பச்சை டிக் வரவைக்கலாம்

இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறந்ததும் டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்னோன்' என்ற வரியும் தெரிந்தால் பதற வேண்டாம். ஆவணம் போலி என்று அதற்கு அர்த்தமில்லை. கையொப்பத்துக்குப் பின்னால் இருக்கும், கையொப்பமிட்டது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழை உங்கள் கணினிக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

செல்போனிலோ பிரவுசரிலோ இதைச் சரிசெய்யப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கணினியில் அடோபி அக்ரோபேட் ரீடரில் திறந்து, கேள்விக்குறி மேல் ரைட் கிளிக் செய்து 'வேலிடேட் சிக்னேச்சர்' கொடுங்கள். அடுத்து 'சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷோ சைனர்ஸ் சர்டிபிகேட்'.

இங்கேதான் கவனம் தேவை. இடப்பக்கப் பட்டியலில் கீழே இருக்கும் பெயரை அல்ல, உச்சியில் 'சிசிஏ இந்தியா' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி சான்றிதழ் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் அதிகாரியின் மூலச் சான்றிதழ் அது. வேறு பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது ஆபத்து.

பிறகு 'டிரஸ்ட்' டேப், 'ஆட் டு டிரஸ்டட் சர்டிபிகேட்ஸ்', ஓகே. மறுபடி 'வேலிடேட்' செய்தால் பச்சை டிக் வந்துவிடும். அதே மூலச் சான்றிதழின் கீழ் வரும் மற்ற ஆவணங்களுக்கும் அந்தக் கணினியில் இனி இந்த வேலை இருக்காது.

யாருக்காவது அனுப்பும்போது மூலக் கோப்பையே அனுப்புங்கள். 'பிரிண்ட் டு பிடிஎஃப்' போட்டாலோ, ஸ்கேன் எடுத்தாலோ டிக் படமாக மட்டும் நிற்கும், கையொப்பம் போய்விடும்.