கோயில் இணையதளத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழாப் பத்திரிகையை அப்படியே ஏற்றிவிடுவதுதான் முதல் தவறு. ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்...’ என்று ஏழெட்டு வரி ஓடும் வாக்கியம் தாளில் அழகு. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏற நினைப்பவர் கைபேசியில் தேதியைத் தேடி அலைய வேண்டுமா? நாள், கிழமை, நேரம், இடம் நான்கும் முதல் வரியில் வரட்டும். மங்கல வாசகம் கீழே முழுதாக இருக்கட்டும்.

ஆண்டைப் போடாமல் விடக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்குவது 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டில்லாத பழைய பக்கம் குடும்பத்தையே தவறான நாளில் வைகைக் கரைக்கு அனுப்பிவிடும். நள்ளிரவு நேரமும் அப்படித்தான். ‘12ஆம் தேதி இரவு 2 மணி’ என்றால் நம் வழக்கில் அது இன்னும் 12தான், விடிந்தால்தான் 13. நாட்காட்டியிலோ நள்ளிரவு தாண்டியதுமே 13ஆம் தேதி. ‘திங்கள் இரவு கடந்து, செவ்வாய் அதிகாலை 2 மணி’ என்று எழுதினால் குழப்பமில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றுண்டு. பௌர்ணமியில் வரும் ‘ௌ’ ஒரே குறி. ‘பெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ சேர்த்தாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தேடினால் பக்கம் சிக்காமல் போகலாம்; பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் செயலி எழுத்தைப் பிரித்துப் படிக்கும். திருத்தும்போது ‘ெள’ வரும் இடத்தையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், வெள்ளிக்கிழமையும் சேர்ந்து சிதையும். பௌர்ணமி, கௌரி என்று சொல் சொல்லாகவே மாற்ற வேண்டும்.

தல புராணத்தையும் வரலாற்றையும் ஒரே பத்தியில் கலப்பது இரண்டுக்கும் செய்யும் குறை. புராணத்துக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். ‘பல்லாயிரம் ஆண்டுப் பழமை’ என்று பொதுவாகச் சொல்வதைவிட உறுதியான செய்தி ஒன்று பெருமை தரும். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. அதுவரை கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் உள்ளே சென்ற ஆலயப் பிரவேசம் அங்கே நடந்தது 1939 ஜூலை 8. இப்படிப்பட்ட நாளை எந்தக் கோயிலும் தன் வரலாற்றில் விட்டுவிடக் கூடாது.

தேவாலயமும் பள்ளிவாசலும் ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து மாற்றினால், சபையார் புழங்கும் சொல் தொலைந்துபோகும். கத்தோலிக்கருக்குத் திருப்பலி, சி.எஸ்.ஐ. சபையில் ஆராதனை, பள்ளிவாசலில் ஜும்ஆ. ஏற்றுவதற்கு முன் அந்தச் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.