டேப்லெட்டில் இடம் தீர்ந்துவிட்டதா? படத்திருத்தச் செயலிகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று விற்பவர் ஒருவர் வாடிக்கையாளருக்குக் கன்றின் படத்தை அனுப்பிவிட்டுத்தான் விலை பேசுகிறார். தர்மபுரியிலோ ஓசூரிலோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் திருமண ஆல்பத்துக்கான படங்களை டேப்லெட்டில் காட்டி, பெண்வீட்டாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். இருவருடைய டேப்லெட்டும் பெரும்பாலும் 64 ஜி.பி. அல்லது 128 ஜி.பி. கொள்ளளவு கொண்டதாக இருக்கும். அதிலும் ஒரு பகுதியை இயங்குதளம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கும். சில மாதங்கள் கழித்து ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்தவுடன் இருவரும் அநேகமாக ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கண்ணில் படும் படத்திருத்தச் செயலி ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து அழித்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே ஈடுகட்ட முடியாதது இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம்.

செயலி எடுத்துக்கொள்ளும் இடம் வேறு, அந்தச் செயலிக்குள் நாம் சேர்த்துவைத்தவை எடுத்துக்கொள்ளும் இடம் வேறு. ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் என்று போய் ஒரு செயலியைத் தொட்டால், இந்த இரண்டும் தனித்தனி வரிகளாகத் தெரியும்: மேலே செயலியின் அளவு, கீழே ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் டேட்டா’. செயலி சில நூறு எம்.பி. மட்டுமே இருக்க, கீழ்வரி பல ஜி.பி.யைக் காட்டுவது படத்திருத்தச் செயலிகளில் வழக்கமான காட்சி. அங்கேயே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ‘ஆஃப்லோட் ஆப்’ என்பது செயலியை மட்டும் நீக்கிவிட்டு நம் கோப்புகளை விட்டுவைக்கும். ‘டெலிட் ஆப்’ என்பது இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். ஆஃப்லோட் செய்தால் மேல்வரியில் உள்ள இடம்தான் திரும்பக் கிடைக்கும். டெலிட் செய்தால் கீழ்வரியும் கிடைக்கும், ஆனால் அந்தக் கீழ்வரிதான் நம் உழைப்பு.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இதே குழப்பம் வேறு பெயரில் இருக்கிறது. செயலியின் சேமிப்பிடப் பக்கத்தில் ‘கிளியர் கேச்’, ‘கிளியர் டேட்டா’ என்ற இரண்டும் அருகருகே இருக்கும். கேச் என்பது படங்களை விரைவாகக் காட்டுவதற்காகச் செயலி தானே உருவாக்கிவைத்த சிறுபடங்களும் தற்காலிகக் கோப்புகளும்தான். அதை அழித்தால் அடுத்தமுறை செயலி சற்று மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். டேட்டாவை அழித்தால், செயலி அன்றுதான் புதிதாக நிறுவப்பட்டது போலாகிவிடும். முடிக்காமல் வைத்த வேலைகள், நாமே அமைத்த வண்ண அமைப்புகள், செயலிக்குள்ளேயே இருந்த படங்கள் எல்லாம் போய்விடும்.

லைட்ரூம் செயலியைச் சந்தா கட்டாமல் இலவசமாகப் பயன்படுத்துவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சந்தா இருந்தால் மூலப்படங்கள் அடோபி நிறுவனத்தின் மேகச் சேமிப்புக்கு (இணையவழிச் சேமிப்பிடத்துக்கு) ஏறும். இலவசப் பயன்பாட்டில் அவை அந்த டேப்லெட்டில் மட்டுமே இருக்கும். கேமராவிலிருந்து நேரடியாக லைட்ரூமுக்குள் இறக்கிய படத்துக்குக் கேலரியில் பிரதி இருக்காது என்பதால், செயலியை அழித்தால் படமும் அதோடு போகும். ஐபேடில் ஓவியம் வரைய உதவும் புரோகிரியேட்டும் இப்படித்தான்: படைப்புகள் செயலிக்குள்ளேயே இருக்கும், தானாக எங்கும் ஏறாது. சந்தா கட்டுபவர்களும் ஒத்திசைவு (படங்கள் மேகத்துக்கு ஏறுவது) முடிந்துவிட்டதா என்று பார்க்காமல் அழிக்கக் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் திருமணம் எடுத்துவிட்டு, 25 எம்.பி. வீதம் 200 ரா கோப்புகளை (கேமரா சுருக்காமல் தரும் மூலக்கோப்புகளை) இறக்கினால் மொத்தம் 5 ஜி.பி. வரும். நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றவேகம் தடையின்றிக் கிடைத்தால்கூட அது ஏறி முடிய இரண்டேகால் மணி நேரம் ஆகும். அந்த வேகம் தடையின்றிக் கிடைக்கும் என்று அங்கே யாரும் நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே லைட்ரூமின் மேல்மூலையில் உள்ள மேகக்குறியைத் தொட்டு, நிலுவையில் எத்தனை படங்கள் நிற்கின்றன என்று பார்த்த பிறகே மற்ற வேலை. இடம் வேண்டுமென்றால் அதே செயலியின் அமைப்புகளுக்குள் கேச்சை அழிக்கும் வசதி இருக்கிறது; அது இன்னும் ஏறாத படங்களைத் தொடாது.

செயலியை அழிப்பது ஆபத்தான தவறு என்றால், பிரதிகளைப் பெருக்குவது அன்றாடத் தவறு. இடம் போவதற்கு உண்மையான காரணமும் அதுவே. ஒரு படத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் விளங்கும். பெங்களூரா ரகக் கன்று ஒன்றை டேப்லெட்டின் 12 மெகாபிக்சல் கேமராவில் எடுக்கிறோம். கோப்பு ஏறக்குறைய 4 எம்.பி. அதை லைட்ரூமுக்குள் இறக்கியதும் செயலி தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது, ஆக 8. வெளிச்சத்தைக் கூட்டி, முழு அளவிலும் 100 விழுக்காட்டுத் தரத்திலும் வெளியேற்றினால் (எக்ஸ்போர்ட் செய்தால்) கேலரியில் இன்னொரு கோப்பு வந்து உட்கார்கிறது. அது மூலத்தைவிடப் பெரிதாக, 7 அல்லது 8 எம்.பி.கூட இருக்கலாம். அதை ஸ்னாப்சீடில் திறந்து ஓரத்தை வெட்டினால், ஆண்ட்ராய்டில் மூலத்தைத் தொடாமல் தனிப்படமாக ஒன்று சேமிக்கப்படுகிறது. அடுத்து, பண்ணையின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேறொரு செயலி, அது பி.என்.ஜி. வடிவில் 15 எம்.பி.க்குக் குறையாமல் தருகிறது. கடைசியாக வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ஆண்ட்ராய்டில் ‘சென்ட்’ கோப்புறையில் சுருக்கிய பிரதி ஒன்று தங்குகிறது. வாடிக்கையாளர் பார்த்தது கடைசியாக நின்ற அந்தச் சில நூறு கே.பி.யை, நம்மிடம் தங்கியதோ 30 எம்.பி.க்கு மேல். இதே வழியில் 500 கன்றுகளின் படங்களைத் தயார் செய்தால் 15 ஜி.பி. போயிருக்கும். மழை தொடங்கிக் கன்று விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில்தான் டேப்லெட் அடம்பிடிக்கும்.

இதற்குத் தீர்வு, ஒரு படத்துக்கு எத்தனை கோப்புகள் தேவை என்பதை வேலை தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வது. மூலம் ஒன்று, அனுப்புவதற்கான இறுதிப்படம் ஒன்று. இடையில் பிறந்தவை அன்றன்றே போக வேண்டும். ஜெ.பெக் தரத்தை 100இலிருந்து 80 அல்லது 85க்கு இறக்கினால் கோப்பின் அளவு பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடும். திரையில் பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வாட்ஸ்அப்பில் மட்டும் போகப்போகிற படத்தின் நீளப்பக்கத்தை 2048 பிக்சலாகக் குறைத்தே வெளியேற்றலாம். கூடுமானவரை ஒரே செயலியிலேயே வேலையை முடிப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும். வண்ணத்துக்கு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று மூன்று செயலிகள் வைத்திருப்பதில் பெரிய நன்மை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஐபேடின் ஃபோட்டோஸ் செயலியில் படத்தை வெட்டினால் அதன் அளவு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. குறையாது. ‘ரிவெர்ட்’ அழுத்தினால் பழைய படம் திரும்பக் கிடைப்பதற்காக மூலமும் உள்ளே இருக்கும், திருத்திய வடிவமும் இருக்கும்.

கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தரம் குறையக் கூடாது’ என்ற நல்ல எண்ணத்தில்தான் அவை நடக்கின்றன. தர்மபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. அவற்றைப் படமெடுக்கும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் இங்கே நிறையப் பேர். தேய்ந்த எழுத்து புலப்படக் காலைவெயில் சாய்வாக விழும் நேரத்தில் ரா வடிவில் எடுப்பது சரியான முறை. ஆனால் 24 மெகாபிக்சல் படம் ஒன்றை அச்சுக்குப் பயன்படும் 16 பிட் டிஃப் கோப்பாக வெளியேற்றினால், சுருக்கம் இல்லாத நிலையில் அது 144 எம்.பி. ஆகிவிடும்: ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்கள், நிறத்துக்கு இரண்டு பைட். லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகளை) வைத்து வேலை செய்தால், முழுப்படத்தை நிரப்பும் 8 பிட் லேயர் ஒவ்வொன்றும் சுருக்குவதற்கு முன் 96 எம்.பி. நினைவகத்தைக் கேட்கும்: மூன்று நிறங்களோடு ஒளிபுகும் தன்மைக்கும் சேர்த்துப் பிக்சலுக்கு நான்கு பைட். எழுத்துப் படிப்பதற்கு ரா மூலமும் தரமான ஜெ.பெக் ஒன்றும் போதும். அச்சகம் கேட்டால் மட்டும் டிஃப் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை நீக்கலாம். ரா இருக்கும்வரை டிஃப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். இடத்தை மிச்சப்படுத்த ராவை நீக்கிவிட்டு டிஃப்பை வைத்துக்கொள்வது தலைகீழான செயல். பி.என்.ஜி. என்பது எழுத்தும் கோடும் உள்ள வடிவமைப்புக்கும், பின்னணி இல்லாத படத்துக்கும் ஏற்றது. இலையும் கிளையும் நிறைந்த மாந்தோப்புப் படத்தை அதில் சேமித்தால் ஜெ.பெக்கைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அஃபினிட்டி ஃபோட்டோவில் கோப்போடு திருத்த வரலாற்றையும் சேமிக்கும் வசதியும், புரோகிரியேட்டில் வரையும்போதே காணொளி பதிவாகும் டைம்லாப்ஸ் வசதியும் கோப்பைப் பருக்கவைப்பவை. தேவையில்லாதவர்கள் அணைத்துவிடலாம்.

அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்று குறைப்படுவோர், அழித்த படங்கள் எங்கே போயின என்று பார்ப்பதில்லை. ஐபேடில் ‘ரீசென்ட்லி டெலிடெட்’ ஆல்பத்தில் அவை 30 நாள் இருக்கும்; சாம்சங் கேலரியின் குப்பைத்தொட்டியிலும் 30 நாள்; கூகுள் ஃபோட்டோஸில் காப்பெடுத்த படங்கள் 60 நாள்; லைட்ரூமின் மேகச் சேமிப்பிலும் 60 நாள். அவசரமாக இடம் வேண்டுமென்றால் அங்கும் போய் ஒருமுறை காலி செய்ய வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் அந்த முப்பது நாளை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

மேகச் சேமிப்பைக் காப்புப்பிரதி என்று நம்புவது அடுத்த பெரிய தவறு. ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஒத்திசைக்கும் வசதி. டேப்லெட்டில் ஒரு படத்தை அழித்தால் அதே கணக்கில் உள்ள ஐபோனிலும் அது அழியும். ‘மேகத்தில்தான் இருக்கிறதே’ என்று டேப்லெட்டில் அழித்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தேடினால் எங்கும் இருக்காது. இடத்தை மட்டும் மிச்சப்படுத்த வேண்டுமானால் அங்கே ‘ஆப்டிமைஸ் ஐபேட் ஸ்டோரேஜ்’ என்ற தேர்வு இருக்கிறது. மூலம் மேகத்தில் இருக்க, சிறிய வடிவம் மட்டும் கருவியில் தங்கும். கூகுள் ஃபோட்டோஸில் இதற்கு நிகரானது ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. அது ஏறி முடிந்த படங்களின் பிரதியை மட்டும் கருவியிலிருந்து நீக்கும். ஆனால் அதை அழுத்துமுன், காப்பு எந்தத் தரத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ தரத்தில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குக் குறைக்கப்படும். அதன்பின் கருவியில் உள்ளதையும் நீக்கிவிட்டால், ஆல்பம் அச்சிட வேண்டிய முழு அளவுப் படம் நம்மிடம் இருக்காது. ஃபோட்டோஸில் அளவின்றி இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்த காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது; இப்போது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். ஆப்பிள் தருவது 5 ஜி.பி. அது நிரம்பியதும் ஏற்றம் நின்றுவிடும். புதிய படங்கள் கருவியில் மட்டுமே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாமலே போகும்.

மெமரி கார்டு போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. எடுத்த படங்களைக் கார்டுக்கு நகர்த்தலாம். ஆனால் செயலிகளின் கேச்சும் வேலைக்கோப்புகளும் பெரும்பாலும் உள்சேமிப்பிலேயே இருக்கும். ஐபேடில் கார்டு செருகும் இடமே கிடையாது. ‘ஒரே தொடுதலில் துப்புரவு’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயங்குதளமே செய்யும் வேலையை விளம்பரங்களோடு செய்து காட்டுபவை அவை. தாமே கொஞ்சம் இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கடைசி எம்.பி.வரை நிரம்பவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கூடாது. படத்தைத் திருத்தும்போது செயலிக்குத் தற்காலிகமாக எழுதிப்பார்க்க இடம் வேண்டும். ஒரு பனோரமாவையோ, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தவற்றைச் சேர்க்கும் எச்.டி.ஆர். படத்தையோ இணைக்கும்போது அது இன்னும் கூடும். அந்த இடம் இல்லையென்றால் செயலி பாதியில் மூடிக்கொள்ளும் அல்லது வெளியேற்றம் தோல்வியடையும். நிரம்பிய ஃபிளாஷ் சேமிப்பில் எழுதும் வேகமும் குறையும். மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது நான் பரிந்துரைக்கும் அளவு; ரா கோப்புகளோடு வேலை செய்பவருக்கு அதுவும் போதாது.

மாதம் ஒருமுறையோ, ஒவ்வொரு திருமணத்தை ஒப்படைத்த பிறகோ, மூலங்களை வெளி எஸ்.எஸ்.டி.க்கு (கேபிளில் செருகும் சேமிப்பு டிஸ்க்குக்கு) மாற்றிவிடுவதே ஸ்டுடியோக்காரர்களுக்கு ஏற்ற முறை. யு.எஸ்.பி. டைப்-சி உள்ள ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் கோப்புச் செயலியின் வழியாக இதை நேரடியாகச் செய்யலாம். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொண்டால், பழைய ஃபேட்32 போல ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போகக் கூடாது என்ற தடை இராது. ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கும்போது அது எக்ஸ்ஃபேட்டை ஏற்குமா என்று கடையிலேயே செருகிப் பார்த்துக்கொள்ளலாம். பிரதி எடுத்ததும் உடனே டேப்லெட்டில் உள்ளதை அழிக்க வேண்டாம். டிஸ்க்கில் உள்ள கோப்புறையைத் திறந்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று படங்களை முழு அளவில் திறந்து பார்த்த பிறகு அழிக்கலாம்.