படகு ஜிபிஎஸ்: ஒரு பெயருக்கு இரண்டு அர்த்தம்

பாம்பனிலிருந்து கிளம்பும் முன் ஜிபிஎஸ் பெட்டியில் ‘பொசிஷன் ஃபார்மட்’ (இடத்தை எந்த முறையில் எண்ணாகக் காட்டுகிறது) என்ன என்று பாருங்கள். அதிகம் குழப்புவது அதுதான்.

திரையில் அட்சரேகை 9 டிகிரி 17.50 என்றிருந்தால் அது 17 நிமிடம் 50 விநாடி அல்ல (இங்கே நிமிடமும் விநாடியும் நேரமல்ல, டிகிரியின் பகுதிகள்). பதினேழரை நிமிடம், அதாவது 17 நிமிடம் 30 விநாடி. விநாடி காட்டும் பெட்டியில் இதையே 17, 50 என்று ஏற்றினால் இடம் 20 விநாடி வடக்கே நகரும். அது சுமார் 617 மீட்டர். பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தில் வலை கிழிய அவ்வளவு போதும். எல்லைக்கோட்டின் அருகே என்றால் இன்னும் ஆபத்து.

வயர்லெஸ்ஸில் ‘பாயிண்ட்’ என்று சொல்லாதீர்கள். சேமித்த இடமும் பாயிண்ட்தான், தசமப் புள்ளியும் பாயிண்ட்தான். “பதினேழு புள்ளி ஐந்து பூஜ்யம், நிமிடம்” என்று முழுதாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள்.

‘மைல்’ என்றாலும் அப்படியே: தரை மைல் 1,609 மீட்டர், கடல் மைல் 1,852. ஜிபிஎஸ்ஸின் ‘யூனிட்ஸ்’ (அலகுகள்) பகுதியில் ‘நாட்டிகல்’ (கடல் மைல்) வையுங்கள்.

எம்ஓபி (MOB, ‘மேன் ஓவர்போர்டு’) பொத்தான் மொபைலுக்கானது அல்ல. ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தைக் குறிப்பது. விழுந்த கணமே அழுத்துங்கள். தாமதித்தால் படகு நகர்ந்துபோன இடம்தான் பதியும். படகில் எல்லோருக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள், டிரைவருக்கு மட்டுமல்ல. அவரே விழலாம்.