ஐஆர்எஸ் சம்மன் கோர்ட்டுக்குப் போனால் என்ன செய்வது?

அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்களுக்கான குறிப்பு இது. ஆவணம் கொடு, சாட்சி சொல் என்று படிவம் 2039-இல் வரும் சம்மனை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) தானாக அமல்படுத்த முடியாது, ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேண்டுமென்றே வராமல் இருப்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் 7210-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

படி 1: சம்மன் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்கே வந்திருந்தால் ரத்து கேட்டு நீங்கள் முந்திக்கொண்டு மனு போட வழியில்லை. அந்த உரிமை உங்கள் வங்கி போன்ற மூன்றாம் தரப்புக்குப் போன சம்மனுக்குத்தான்.

படி 2: குறித்த தேதியில் நேரில் போங்கள். இருக்கிற ஆவணங்களுக்குப் பக்க எண் போட்டு, பட்டியலோடு கொடுங்கள். தர மறுப்பது எது, ஏன் என்று எழுத்தில் கொடுங்கள். ஐந்தாம் திருத்த உரிமையை (தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மறுக்கும் அரசியலமைப்பு உரிமை) மொத்தமாகச் சொன்னால் செல்லாது, ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 3: இதற்குப் பிறகும் இழுபறி என்றால் ஐஆர்எஸ் வழக்கறிஞர் பிரிவிலிருந்து கடைசி வாய்ப்பாக ஒரு கடிதம் வருவது வழக்கம். பேசி முடிக்க நல்ல நேரம் அதுதான்.

படி 4: அடுத்து ஐஆர்எஸ்ஸுக்காக அமெரிக்க அரசின் நீதித் துறை (Department of Justice) மனு போடும், 'ஏன் கீழ்ப்படியவில்லை, காரணம் காட்டு' என்று கோர்ட் உத்தரவிடும். வழுக்குகிற இடம் இதுதான். உச்ச நீதிமன்றத்தின் 1964 பவல் தீர்ப்பின்படி அரசு காட்ட வேண்டியவை நான்கு: நியாயமான நோக்கம், அதற்குத் தொடர்புள்ள கேள்விகள், தகவல் ஏற்கெனவே ஐஆர்எஸ் கையில் இல்லாதது, விதிப்படி நடந்தது. அதிகாரியின் ஒரு பிரமாண வாக்குமூலமே இதற்குப் பெரும்பாலும் போதும், பிறகு சுமை உங்கள் தலையில். 'பழிவாங்குகிறார்கள்' என்று வெறுமனே எழுதினால் எடுபடாது. அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென்றால், கெட்ட நோக்கத்தைச் சந்தேகிக்க வைக்கும் குறிப்பான விவரங்கள் வேண்டும் என்கிறது 2014 கிளார்க் தீர்ப்பு.

ஆவணம் உங்களிடம் இல்லையா? அதை இந்தக் கட்டத்திலேயே, பிரமாண வாக்குமூலமாகச் சொல்லுங்கள். சம்மனுக்குக் கீழ்ப்படி என்ற உத்தரவு வரும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அவமதிப்பு விசாரணையில் 'அப்போதே என்னிடம் இல்லை' என்றால் கோர்ட் கேட்காது. 1983 ரைலாண்டர் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது தர முடியாத நிலையை மட்டுமே அங்கே சொல்லலாம், அதற்கும் ஆதாரம் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

படி 5: உத்தரவுக்கும் பணியாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. கீழ்ப்படியும்வரை நாள்தோறும் அபராதம் விதிக்கலாம், சிறையிலும் வைக்கலாம்.

எதை அனுப்பினாலும் ஒப்புகை அட்டையோடு சர்டிஃபைடு மெயிலில் அனுப்புங்கள். ஃபேக்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை 1: வங்கிக்குப் போன சம்மனை எதிர்க்க 20 நாள்தான் கெடு. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, ஐஆர்எஸ் அதைத் தபாலில் சேர்த்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உறையைப் பத்திரமாக வையுங்கள். மனுவின் நகல் வங்கிக்கும் ஐஆர்எஸ்ஸுக்கும் அதே 20 நாளுக்குள் பதிவுத் தபாலிலோ சர்டிஃபைடு மெயிலிலோ போயாக வேண்டும்.

பின்சேர்க்கை 2: இந்தியாவில் உள்ள என்ஆர்ஈ கணக்கின் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) ஸ்டேட்மென்ட் 'என்னிடம் இல்லை' என்று எழுதாதீர்கள். வங்கியிடம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறதே, அதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஆவணம்தான். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு.