உபவாசம் இருப்பது எளிது, முடிப்பதில்தான் வினை

இயற்கை மருத்துவத்துக்குப் புதிதாக வருகிறவர்களின் தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. மைதா கூடாது, வெள்ளைச் சர்க்கரை கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

எல்லா நோய்க்கும் ஒரே வேர் என்று நம்புவது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இயற்கை மருத்துவர் லூயி கூனே சொன்னது இது: உடலில் தேங்கும் கழிவுதான் எல்லா நோய்க்கும் காரணம். இடுப்புக் குளியலை உலகெங்கும் பரப்பியவர் அவர். அவருடைய எழுத்தும், அடால்ஃப் ஜஸ்ட் என்ற ஜெர்மானிய இயற்கை மருத்துவரின் எழுத்தும் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியை எட்டின. மலச்சிக்கலுக்கு ஈர மண்ணைத் துணியில் பரப்பி, இரவில் வயிற்றில் கட்டிக்கொண்டு படுக்கும் பழக்கம் காந்திக்கு ஜஸ்டிடமிருந்து வந்தது. 1946-இல் புனே அருகே உருளிகாஞ்சனில் காந்தி தொடங்கிய இயற்கை மருத்துவ நிலையத்துக்கும் வேர் அங்கேதான்.

மலச்சிக்கல், அளவுமீறிய தீனி, உடல் பருமன் ஆகியவற்றுக்குக் கூனேயின் வழி இன்றும் உதவும். ஆனால் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-இலேயே காட்டிவிட்டார். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலின் இல்லாமல் உயிரில்லை. இந்த இரண்டையும் 'கழிவு' கணக்கில் எழுதுபவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

இடுப்புக் குளியலில் ஐஸ் கட்டி

வேண்டாம். தொப்புள் வரை குளிர்ந்த நீர், கால்கள் தொட்டிக்கு வெளியே, முதலில் 10 நிமிடம் போதும். எழுந்ததும் உடல் சூடேறும்வரை நடக்க வேண்டும். நடக்காமல் போய்ப் படுத்துக்கொண்டு 'சளி பிடித்துவிட்டது' என்று புகார் சொல்லக் கூடாது.

உபவாசத்தை விருந்தால் முடிப்பது

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தவறு இது. மூன்று நாள் எலுமிச்சை நீரில் இருப்பார்கள். நான்காம் நாள் மதியம் இலை போட்டுச் சாம்பார், வடை, அப்பளம், பாயசம். அன்று மாலையே வயிறு உப்பும், பேதியாகும், தலை சுற்றும். 'உபவாசம் எனக்கு ஒத்துக்கலை' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது வடை.

பட்டினியில் உடல் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. இன்சுலின் தாழ்கிறது, செரிமானச் சுரப்பு குறைகிறது. திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அவற்றின் அளவு சரியும். பாஸ்பேட் மிகவும் சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும். தயாமின் என்ற பி1 சத்தும் அந்நேரத்தில் தீர்ந்துபோகும். மூன்று நாள் விரதத்தில் ஆரோக்கியமான ஆளுக்கு இந்த அளவுக்குப் போவது அரிது. நாள் கூடக் கூட, உடல் மெலிய மெலிய, ஆபத்து ஏறும். 1945-இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், இரக்கப்பட்டுக் கொடுத்த கொழுத்த உணவைச் சாப்பிட்ட பிறகுதான் இறந்தார்கள்.

1943-இல் ஆகா கான் மாளிகையில் 21 நாள் உண்ணாநோன்பைக் காந்தி முடித்தது, கஸ்தூர்பா கொடுத்த, தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாற்றில். ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ புகிங்கர் வகுத்த முறையில் ஓர் ஆப்பிளோடு நோன்பு முடியும். நம் ஊரில் ஒரே ஒரு நாள் ஏகாதசிக்குக்கூட, துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று ஒரு முறை உண்டு. (இப்போது அவை இலையின் ஓரத்தில் பேருக்குக் கிடக்கின்றன.)

மூன்று நாள் இருந்தவர் இப்படி முடிக்கலாம். முதல் நாள் காலையில் 100 மில்லி பழச்சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கால் மணி நேரம் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். மதியம் உப்புக் குறைத்த காய்கறி சூப் 200 மில்லி. மாலையில் பழுத்த பப்பாளி நாலைந்து துண்டு, மென்று. இரண்டாம் நாள் காலை பழம், மதியம் வேகவைத்த சுரைக்காயோ பூசணியோ, இரவு நீர்த்த கஞ்சி. மூன்றாம் நாள் அரை வயிறு சோறும் மோரும். எண்ணெய், பயறு, கிழங்கு எல்லாம் அதற்குப் பிறகு. சாறுதானே என்று லிட்டர் கணக்கில் குடிப்பதும் விருந்துக்குச் சமம்; அதிலும் இருப்பது சர்க்கரை.

ஐந்து நாளைத் தாண்டும் உபவாசம் வீட்டில் கூடாது. மருத்துவமனையில், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் பார்த்து, தயாமின் கொடுத்து, வழக்கமான அளவில் பாதிக்கு மேல் போகாமல் உணவை மீண்டும் தொடங்க வேண்டும். மிகவும் மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவாக.

சர்க்கரை மாத்திரையோடு உபவாசம்

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். மருந்தளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

மோசமானால் 'குணமாகிறது' என்பது

முதல் இரண்டு நாள் தலைவலி, வெள்ளை படிந்த நாக்கு, வாய் நாற்றம் எல்லாம் எதிர்பார்த்தவை. தலைவலிக்குப் பாதிக் காரணம் நின்றுபோன காப்பி. நெஞ்சுவலி, துடிப்புத் தடுமாற்றம், குழப்பம், விடாத வாந்தி, கணுக்கால் வீக்கம் எதுவும் குணமாவதன் அடையாளம் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லிண்டா ஹசார்டு நோயாளிகளை வாரக்கணக்கில் காய்ச்சாற்றிலேயே வைத்திருந்தார். ஒருவர் எலும்பும் தோலுமாகி 1911-இல் இறந்தார். மறு ஆண்டு ஹசார்டு குற்றவாளி என்று தீர்ப்பானது; பிறகு சிறைக்கும் போனார்.

கசக்கும் சுரைக்காய்ச் சாறு

பிழிவதற்கு முன் ஒரு துணுக்கை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் ரத்த வாந்திவரை கொண்டுபோகும்; இந்தியாவில் உயிரிழப்பும் நடந்திருக்கிறது. பாகற்காயோடு சேர்த்து அடிக்கவே கூடாது. சுரையின் கசப்பு அதில் ஒளிந்துகொள்ளும்.

சிறுநீரக நோயாளிக்கு இளநீர்

கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்; பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது.

வருடக்கணக்கில் தேங்காயும் பழமும் மட்டும்

பி12 கிடைக்காது. மாத்திரை எடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் பாருங்கள். உள்ளங்கால் மரத்துப்போன பிறகு பார்த்தால், இழந்த நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.